கோட்டை இருக்கிறது, கோட்டைக் காணோம்

ஸ்பெயினில் ஒரு மலைக்கோட்டையை நடத்திவரும் நிர்வாகக் குழுவுக்கும், அந்தக் கோட்டைக்குச் சொந்தக்காரரான நகர மன்றத்துக்கும்,

நான் நிரப்பிக் கொடுத்த புகார்ப் படிவத்தில் எழுதுவதற்கு எட்டு வரி இடம் விட்டிருந்தீர்கள். வடக்கு மதிலில் பழைய கல்லையும் புதிய கல்லையும் பிரித்துக்காட்டிய கோடு மறைந்துபோனதைப் பற்றி, எட்டு வரிக்குள் எவ்வளவு அடங்குமோ அவ்வளவு எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. கருத்துக்கு நன்றியாம், பார்வையாளர் அனுபவத்தைத் தொடர்ந்து மேம்படுத்தி வருகிறீர்களாம். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று எழுதியிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும். அதனால்தான் இந்தத் திறந்த மடல். இதன் ஸ்பானிய வடிவம் தபாலில் உங்களுக்கு வந்துசேரும். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம், ஸ்பெயின் வரை வந்துவிட்டு ஒரு கோட்டையாவது ஏறாமல் திரும்பாத எங்கள் ஆட்களும் இதைப் படிக்கட்டும் என்பது. கோட்டையின் பெயரை எழுதவில்லை. அந்த ஊரை எனக்குப் பிடிக்கும். அதன் பெயரைக் கெடுக்க எனக்கு மனமில்லை. எந்தக் கோட்டை என்று உங்களுக்குத் தெரியும், அது போதும்.

2018-இல் முதல்முறை வந்தேன். அப்போது எங்களை அழைத்துப் போனவர் உங்கள் ஊர்க்காரர், ஐம்பதை நெருங்கும் வயது. மன்னர் கதையில் தொடங்குவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ நேராக வாயிலை ஒட்டியிருந்த சிறிய அறைக்குக் கூட்டிப்போனார். சுவர் முழுக்கப் புகைப்படங்கள். எண்பதுகளில் எடுத்தவை. முற்றத்தில் ஆடு மேய்கிறது. கோபுரம் பாதி உடைந்த பல் மாதிரி நிற்கிறது. வடக்கு மதிலில் ஒரு லாரி நுழைகிற அளவுக்கு ஓட்டை. "இதுதான் எங்களுக்குக் கிடைத்த கோட்டை. இனி வாருங்கள், இப்போது இருக்கிற கோட்டையைக் காட்டுகிறேன்" என்றார்.

வடக்கு மதிலில் அவர் காட்டியதுதான் நான் சொல்ல வந்த கோடு. ஒரு விரல் தடிமனுக்குச் செங்கல், மதிலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஏறி இறங்கி, சிறுபிள்ளை வரைந்த மலை போலக் கோணல்மாணலாக ஓடியது. கோட்டுக்குக் கீழே 12ஆம் நூற்றாண்டுக் கல், மேலே புதிதாக வைத்துக் கட்டிய கல். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மதில்தான். பக்கத்தில் போனால்தான் கோடு தெரியும். "கீழே அவர்கள், மேலே நாங்கள்" என்றார் அந்த மனிதர். புதிய கல் ஒவ்வொன்றின் கீழ் மூலையிலும் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு குழி. குழி இருந்தால் அது அவர்கள் வெட்டிய கல். சிலவற்றை வெட்டியவர் அவரேதான். பத்தொன்பது வயதில், வேலையில்லாமல் இருந்தபோது, பயிலகத்தில் சேர்ந்து கற்றுக்கொண்ட தொழில் என்றார்.

இந்தப் பயிலகங்களைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஸ்பானிய மொழியில் எஸ்குவேலா தாயேர் என்பார்கள், பட்டறைப் பள்ளி. இளைஞர்களில் ஏராளமானோர் வேலையில்லாமல் தெருவில் நின்ற 1985-இல் தொடங்கிய திட்டம். பெரிதீஸ் என்ற பெயரில் கேலிச்சித்திரம் வரைகிற கட்டடக் கலைஞர் ஹோசே மரியா பெரெஸ் கிளப்பிவிட்ட யோசனை. அகிலார் தெ கம்போ ஊரின் பழைய மடாலயத்தில் பிறந்தது. இடிந்து கிடக்கிற கட்டடத்தைக் காட்டி, உதவித்தொகையும் கொடுத்து, வேலை செய்துகொண்டே கல் வெட்டவும் மரம் இழைக்கவும் இரும்பு அடிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். ஸ்பெயினில் இன்று நிமிர்ந்து நிற்கிற எத்தனையோ தேவாலயங்களிலும் மதில்களிலும் இந்தப் பிள்ளைகளின் கை இருக்கிறது. உங்கள் கோட்டையும் அதில் ஒன்று. அந்த அறையில், கல்தூசி படிந்த தலைமுடியோடு சாரத்தின் மேல் வரிசையாக உட்கார்ந்து ரொட்டி தின்கிற பதினான்கு பேரின் படம் ஒன்றும் இருந்தது.

கோட்டுக்குக் கீழே இருந்த கற்களிலும் குறிகள் உண்டு. அம்பு, சாவி, நட்சத்திரம், ஏணி. பழைய கல்தச்சர்கள் தாங்கள் வெட்டிய கல்லில் போட்ட அடையாளம். எத்தனை கல் வெட்டினான் என்று எண்ணிக் கூலி கொடுப்பதற்காக இருக்கலாம் என்பார்கள். அரசர் பெயரும் ஆண்டையின் பெயரும் ஏட்டில் இருக்கின்றன. இந்த ஆட்களுக்கு இருப்பது அந்த அம்பும் சாவியும்தான். அவர்களுக்கு அம்பு, எங்களுக்குக் குழி என்று சிரித்தார் எங்கள் வழிகாட்டி. அன்றைக்கு மலையிறங்கும்போது, நான் பார்த்த கோட்டைகளிலேயே இதுதான் நேர்மையானது என்று தோழிகளிடம் சொன்னேன்.

அந்தச் சொல்லை நம்பித்தான் இந்த ஏப்ரலில் அப்பாவை அழைத்துவந்தேன். அப்பாவுக்கு எழுபத்தொன்று. அருப்புக்கோட்டைப் பக்கம் நாற்பத்தைந்து வருடம் கொத்தனார் வேலை பார்த்தவர். மத்ரித் அரண்மனையைக் காட்டியபோது கொட்டாவி விட்டவர், செங்கல் கோடு இருக்கிற மதில் என்றதும் முதல் நாள் இரவே சட்டையை எடுத்து வைத்துவிட்டார். ஏறுகிற பாதையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. வண்டிகளை அடிவாரத்தில் நிறுத்தச் சொல்லியிருக்கிறீர்கள், சரி, மலைக்கு நல்லது. ஆனால் முன்பு ஓடிய சிறு பேருந்தையும் நிறுத்திவிட்டு, உட்கார ஒரு பெஞ்சுகூடப் போடாமல் விட்டது எந்த ஊர் நியாயம்? அப்பா நான்கு இடத்தில் பாறையில் உட்கார்ந்து ஏறினார். நுழைவுச் சீட்டு 4 யூரோவிலிருந்து 9 யூரோ ஆகியிருந்தது. அதையும் விடுங்கள்.

வடக்கு மதிலுக்குப் போனோம். கோடு இல்லை.

தவறான மதிலுக்கு வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். திரும்பி நடந்து, வாயிலிலிருந்து மறுபடி கணக்குப் பார்த்து வந்தேன். அதே மதில்தான். மேலிருந்து கீழ்வரை ஒரே தேன் நிறம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரே சாந்து. செங்கல் வரியின் மேல் பூசி மூடியிருக்கிறது. குழிகள் அடைபட்டிருக்கின்றன. கீழ்வரிசையில் சாவிக்குறி போட்ட கல்லைத் தேடினேன். கல்லின் விளிம்பில் வழிந்த பூச்சு பாதிச் சாவியை விழுங்கியிருந்தது. நிழலில் நின்ற உங்கள் பணியாளரிடம் கேட்டேன். சென்ற ஆண்டு செய்த "தோற்ற ஒருங்கிணைப்பு" வேலை என்றார், நல்ல பிள்ளை, கொஞ்சம் பெருமையாகவே. முன்பு ஒட்டுப்போட்ட மாதிரி இருந்ததாம். கல்யாணப் படம் எடுக்க வருகிறவர்கள் குறைப்பட்டுக்கொண்டார்களாம்.

அதற்குள் அப்பா மதிலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நகத்தால் கீறினார். விரல் முட்டியால் இரண்டு இடத்தில் தட்டிக் காது கொடுத்தார்.

"ஏம்மா, சுண்ணாம்புன்னுல்ல சொன்ன?"

"ஆமாப்பா. போன தடவை சுண்ணாம்புதான்."

"இது சிமிட்டி. கலர்ப்பொடி போட்டுப் பூசியிருக்கான். நகம் எறங்குதா பாரு. கீழ பாரு, உப்புப் பூத்துருச்சு. கல்லு மூச்சு விட முடியாம பொரியுது."

தரையை ஒட்டிய மூன்று வரிசைகளில் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. கல்லின் மேல்தோல் அப்பளம் போல் எழும்பியிருந்தது. அப்பா தொடவில்லை, தொட்டால் உதிரும் என்றார். காரணம் கட்டட வேலை தெரிந்த எவருக்கும் தெரிந்ததுதான். பழைய சுவர் மழையைக் குடிக்கும், வெயிலில் வியர்வை மாதிரி வெளியே விடும். சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மெத்தென்று இருப்பதால் ஈரம் அதன் வழியாகப் போய்விடும். தேய்வது சாந்து, கல் பிழைக்கும். பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை சாந்தைச் சுரண்டிப் புதிதாக வைத்தால் போதும். சிமெண்டு கல்லைவிட இறுக்கம். ஈரத்துக்கு வழி கிடைக்காமல் கல்லுக்குள்ளேயே புகுந்து, தன்னோடு கொண்டுவந்த உப்பைத் தோலுக்கு அடியில் விட்டுவிட்டுக் காயும். உப்பு படிகமாகிப் பெருக்கும்போது கல் உரியும். மலையுச்சியில் குளிர்காலத்தில் அந்த ஈரம் உறையவும் செய்யும். எங்கள் ஊரில் சுண்ணாம்பில் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீர் விட்டு அரைத்ததை அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். உங்கள் ஊர்ச் சுண்ணாம்பில் என்ன சேர்த்தார்கள் என்று கேட்க ஆசைப்பட்டார். கேட்க அங்கே ஆள் இல்லை.

அப்பாவின் நகம் ஆய்வுக்கூடம் அல்ல என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இதைக் குற்றச்சாட்டாக மட்டும் எழுதாமல், பரிசோதனை செய்யுங்கள் என்றும் கேட்கப் போகிறேன்.

நீங்கள் தொடாமல் விட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முற்றத்துக்கு அடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டி. அல்ஹிபே என்கிறீர்கள், அரபியிலிருந்து வந்த பெயர். கட்டியவர்களும் அந்த மொழிக்காரர்கள்தான். சுண்ணாம்போடு காவிமண் சேர்த்துப் பூசிய சிவப்புப் பூச்சு இன்னும் இருக்கிறது. தரையும் சுவரும் சேருகிற மூலையை அப்பா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மூலைய உருட்டிவிட்டுருக்கான் பாரு. கூர்மூலையா இருந்தா மொதல்ல அங்கதான் ஒழுகும்" என்று அரைமணி நேரம் நகரவே இல்லை. தொட்டி இருட்டாக இருப்பதால் கல்யாணப் படம் எடுக்க யாரும் இறங்குவதில்லை போலும். அதனால் தப்பித்தது.

இனி அந்தச் சிறிய அறை. புகைப்படங்கள் இல்லை. பதினான்கு பேர் படமும் இல்லை. அங்கே இப்போது "சித்திரவதைக் கூடம்". அதற்குத் தனியாக 3 யூரோ. உள்ளே முள் பதித்த இரும்புப் பெட்டி, இரும்புக் கன்னி என்கிறார்களே, அது. கீழே பலகையில் "இடைக்காலம்" என்று ஒற்றைச் சொல். இடைக்காலத்தில் யாரையும் அந்தப் பெட்டிக்குள் அடைத்ததற்கு ஆதாரம் கிடையாது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியில் ஒருவர் எழுதிவைத்த கதையிலிருந்து, 19ஆம் நூற்றாண்டில் காட்சிக்காகச் செய்துவைத்த பொருள் அது. நியூரம்பெர்க் நகரில் இருந்த பெயர்பெற்ற பெட்டியை 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கே கொண்டுபோய்க் காசு வாங்கிக் காட்டினார்கள். உங்கள் கோட்டையைவிட அதற்கு எழுநூறு வயது குறைவு. கொடுமையைத்தான் காட்ட வேண்டுமென்றால் ஸ்பெயினுக்கு இரவல் வாங்கத் தேவையே இல்லை. 1478-இல் தொடங்கி 1834-இல் ஒழிக்கப்பட்ட, கத்தோலிக்க மதத்திலிருந்து பிறழ்ந்தவர்கள் என்று ஆட்களைப் பிடித்துத் தண்டித்த விசாரணை மன்றத்தின் (இன்குவிசிஷன்) ஏடுகளில் யாரை, எப்போது, எவ்வளவு நேரம் கயிற்றில் தூக்கினார்கள் என்று எழுத்தர் உட்கார்ந்து எழுதிய பக்கங்கள் இருக்கின்றன. அவற்றைப் படிக்க வேறு மனநிலை வேண்டும். கூடத்தின் வாசலில் அட்டை வாளோடு நின்று படம் எடுத்துக்கொள்கிற மனநிலை அது அல்ல.

இரும்புச் சங்கிலி உடுப்புப் போட்ட வழிகாட்டி இளைஞர் சொன்ன கதைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவரைக் குறை சொல்லவில்லை. நீங்கள் எழுதிக் கொடுத்ததைத்தான் ஒப்பித்தார். வாயிலுக்கு மேலே உள்ள துவாரங்கள் வழியாகக் கொதிக்கிற ஆலிவ் எண்ணெயைக் கொட்டினார்களாம். முற்றுகைக்கு நடுவே, சமையலுக்கும் விளக்குக்கும் புண்ணுக்கும் வேண்டிய எண்ணெயை எந்தக் கோட்டைத்தலைவன் எதிரியின் தலையில் கொட்டுவான்? 2024-இல் லிட்டர் 9 யூரோவைத் தொட்டபோது நாம் எல்லோரும் பொரியலுக்கே எண்ணெயை எண்ணி எண்ணித்தான் ஊற்றினோம். கல் மலையிலேயே கிடைத்தது, காசு இல்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் அதுவும் சுடும்.

அடுத்தது சுழல்படி. கீழிருந்து ஏறுகிற எதிரியின் வலக்கை வாளை நடுத்தூண் தடுக்க வேண்டும் என்பதற்காகவே படி வலஞ்சுழியாக ஏறுகிறது என்றார். இந்த விளக்கம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பரவியது. இடஞ்சுழியாக ஏறுகிற கோட்டைப் படிகளும் நிறைய உண்டு. அதுகூடப் பரவாயில்லை. அவர் காட்டிய அந்தப் படியை 2018-இல் எனக்குக் காட்டிய மனிதர், அது முழுக்கவும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாங்கள் கட்டியது என்றும், பழைய படி எந்தப் பக்கம் சுழன்றது என்று யாருக்கும் தெரியாது என்றும் சொல்லியிருந்தார். ஆக, குளிர்சாதனப் பெட்டி காலத்தில் கட்டிய படியில் நின்றுகொண்டு வாள்சண்டைக்கு விளக்கம் கேட்டோம்.

சுற்றின் முடிவில் அந்த இளைஞர் கைகளை விரித்து, "900 ஆண்டுகளாக இப்படியே நிற்கிறது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். என்ன சொன்னார் என்று அப்பா கேட்டார். சொன்னேன்.

"தொள்ளாயிரம் வருசமா? அப்ப அந்தத் தம்பி வெட்டுன கல்லு எங்க?"

என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் கேட்கிறேன்.

நீங்கள் சட்டம் தெரிந்தவர்கள், உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. இந்த நாட்டுக் கோட்டைகள் எல்லாமே, எந்த நிலையில் கிடந்தாலும், 1949 ஏப்ரல் 22 ஆணையிலிருந்து பாதுகாப்பில் இருப்பவை. 1933 சட்டமே இடிந்த நினைவுச்சின்னத்தைப் பழையபடி திருப்பிக் கட்டும் முயற்சியை விலக்கியிருந்தது. 1985-ஆம் ஆண்டின் 16ஆம் எண் வரலாற்று மரபுச் சட்டம், 39ஆம் பிரிவில், நிலைத்து நிற்பதற்கோ பராமரிப்புக்கோ இன்றியமையாத பகுதியைப் புதிதாகச் சேர்த்தால் அது அடையாளம் தெரியும்படி இருக்க வேண்டும், போலியாக ஒன்றிப்போய்க் குழப்பம் உண்டாக்கக் கூடாது என்கிறது. நினைவுச்சின்னங்களைச் சீரமைப்பதற்கான உலக நெறிமுறையான 1964 வெனிஸ் சாசனமும் இதைத்தான் சொல்கிறது: சேர்த்தது இசைவாக இருக்கட்டும், ஆனால் அசலிலிருந்து பிரித்தறிய முடிய வேண்டும், ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நிற்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அதற்கு முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1931 ஏதென்ஸ் சாசனம் கான்கிரீட் போட்டு வலுப்படுத்தினால் முடிந்தவரை வெளியே தெரியாமல் மறைத்துவிடுங்கள் என்று சொன்னது. அப்படி மறைத்துப் பார்த்துப் பட்ட பாட்டுக்குப் பிறகுதான் உலகம் மனம் மாறியது. நீங்கள் 1931-க்குத் திரும்பியிருக்கிறீர்கள்.

உங்கள் மதிலில் ஓடிய அந்தச் செங்கல் கோடு ஒப்பனைக் கோளாறு இல்லை. அதுதான் சட்டம், கல்லில் எழுதிவைத்த சட்டம். அதை அழித்திருக்கிறீர்கள். ஸ்பானிய மடலில் இந்த இடம் சப்பென்று இருக்கும். தமிழில் மட்டும்தான் கோட்டை அழித்தீர்கள் என்று சொன்னாலே இரண்டு பொருளும் வந்துவிடுகிறது.

கோடு தெரிந்தால் ஆள் வராது என்று பயப்படுகிறீர்களா? காதிஸ் மாகாணத்தில் வில்யாமார்த்தின் அருகே மாத்ரேரா கோட்டை இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் தோன்றியது. 2013 மழையில் அதன் கோபுரம் சரிந்தது. கட்டடக் கலைஞர் கார்லோஸ் கெவேதோ மிச்சமிருந்த பழைய கல்லை அப்படியே நிறுத்தி, விழுந்துபோன பாகத்தை மொழுமொழுவென்ற வெள்ளைச் சுண்ணாம்புப் பரப்பால் நிரப்பினார். 2016-இல் அந்தப் படம் உலகம் சுற்றியது. பல்லுக்கு உறை போட்ட மாதிரி இருக்கிறது என்று நானும் சிரித்து நாலு பேருக்கு அனுப்பினேன். அந்தச் சிரிப்பை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அழகோ இல்லையோ, எது பழசு எது புதுசு என்று அங்கே குழந்தைக்கும் தெரியும். அதற்கு நேர் எதிரான உதாரணம், வலென்சியா பக்கத்துச் சாகுந்தோ ஊரின் ரோமானிய நாடக அரங்கு. பழைய கல்லின் மேல் புது அரங்கத்தையே ஏற்றிவிட்டார்கள் என்று வழக்குப் போய், 2000-இல் உச்ச நீதிமன்றம் வரை சட்டவிரோதம் என்று சொன்னது. ஆனாலும் பிரித்தெடுக்க முடியாமல் இன்றும் அப்படியே நிற்கிறது. அங்கேயும்கூட யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, புதுசு புதுசாகவே தெரிகிறது. செகோவியாவின் அல்காசார் என்ற அரண்மனைக் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1862 மார்ச்சில் பீரங்கிப் பள்ளியாக இருந்தபோது தீப்பிடித்து, கூரையும் அலங்கார உத்தரங்களும் போயின. இன்று பார்க்கிற கூடங்களில் பெரும்பகுதி அதற்குப் பின் சீரமைத்தவை. ஓலிதே அரண்மனையை 1813-இல் எரித்துவிட்டார்கள். 1937 முதல் பல பத்தாண்டுகள் எழுப்பினார்கள். இந்த இரண்டு தீயும் ஊரறிந்த கதை. யாராவது போகாமல் இருக்கிறார்களா?

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஊரில் பள்ளிக்கூடம் மூடிவிட்டது, மருத்துவர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார், படித்தவர்கள் எல்லாம் வலென்சியாவுக்கும் மத்ரித்துக்கும் போய்விட்டார்கள். கோட்டைச் சீட்டுக் காசில்தான் தெருவிளக்கு எரிகிறது என்று கடைக்காரர் ஒருவர் சொன்னார். கல்யாணப் படக்காரர்கள் கொடுப்பதும் காசுதான். ஆனால் ஒரு ஊர் தன் பிள்ளைகள் ஓடிப்போகிறார்கள் என்று கவலைப்படுகிறது. அதே ஊர், ஓடாமல் நின்று தன் கையால் கோட்டையைத் தூக்கி நிறுத்திய பதினான்கு பிள்ளைகளின் படத்தைக் கழற்றி உள்ளே வைக்கிறது. இது எனக்குப் புரியவில்லை. வேறு எந்தக் கோட்டையிலும் கிடைக்காத கதை அது. இரும்புக் கன்னி எல்லா ஊரிலும் இருக்கிறாள்.

இறங்கி வந்து சதுக்கத்தில் இருந்த மதுக்கடையில் காப்பி குடிக்க உட்கார்ந்தோம். அங்கே அவரைப் பார்த்தேன், 2018 வழிகாட்டி. இப்போது கோட்டையில் வேலை இல்லை. மதிலைப் பூசப்போவதாக யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஒருநாள் காலையில் கீழே நின்று பார்த்தபோது நிறம் மாறியிருந்ததாம். அதற்கு மேல் பேச அவருக்கு விருப்பமில்லை. உங்களைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. இந்த மடல் எழுதப்போவதும் அவருக்குத் தெரியாது, தயவுசெய்து அவரைப் போய்க் கேட்காதீர்கள். அப்பா யார் என்று சொன்னேன். எழுந்து வந்து கைகொடுத்தவர், கையை விடாமல் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். அப்பாவும் அவர் கையைப் பார்த்தார். இருவருக்கும் வலது கட்டைவிரல் அடியில் ஒரே இடத்தில் காய்ப்பு. அப்புறம் நான் தேவைப்படவில்லை. அப்பா காகிதக் கைக்குட்டையில் தூக்குக்குண்டு வரைந்தார். அவர் "ப்ளோமாதா" என்றார். அவர் ஒரு கரணை வரைந்தார். அப்பா பெயர் சொன்னார். மூன்று கைக்குட்டை தீர்ந்தது. கடைசியாக அவர் ஒரு சதுரக்கல் வரைந்து, கீழ் மூலையில் பேனாவால் ஒரு குழி குத்திக் காட்டினார். அந்தக் கைக்குட்டை இப்போது அருப்புக்கோட்டையில் இருக்கிறது.

சரி, நான் கேட்பவை.

வடக்கு மதிலில் பூசிய சாந்து எதனால் ஆனது என்று கல் பாதுகாப்பு தெரிந்த சுயேச்சையான ஒரு நிபுணரை வைத்து இந்தக் குளிர்காலத்துக்குள் பரிசோதியுங்கள், முடிவை ஊர் நூலகத்தில் எல்லோரும் படிக்க வையுங்கள். சிமெண்டு என்று தெரிந்தால், கல்லைக் காயப்படுத்தாமல் கையால் எடுக்கச் சொல்லுங்கள், இயந்திரம் வேண்டாம். அந்த இடத்தில் சுண்ணாம்பு வையுங்கள். பரிசோதனையில் அப்பா சொன்னது தப்பு என்று வந்தால் அதையும் எழுதி அனுப்புங்கள், இதே இடத்தில் வெளியிடுகிறேன். சாந்து எதுவாக இருந்தாலும் செங்கல் கோடு வெளியே தெரிய வேண்டும், அடைத்த குழிகள் திறக்க வேண்டும், சாவிக்குறியின் மறுபாதி வெளியே வர வேண்டும்.

பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தில் உள்ளேயோ வெளியேயோ எந்த வேலை செய்வதற்கும் வெளிப்படையான அனுமதி வேண்டும் என்று அதே 1985 சட்டம் 19ஆம் பிரிவில் சொல்கிறது. சென்ற ஆண்டு வேலைக்கு யார் அனுமதி கொடுத்தார்கள், விண்ணப்பத்தில் என்ன எழுதினீர்கள், என்ன பொருள் வாங்கினீர்கள் என்ற ஆவணங்களை வெளியிடுங்கள். அனுமதி வாங்கவில்லை என்றால் அதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

புகைப்படங்களை அந்த அறையில் மறுபடி மாட்டுங்கள், பதினான்கு பேர் படத்தை முதலில். அவர்கள் சம்மதித்தால் கீழே பெயரும் போடுங்கள். சித்திரவதைக் கூடத்தைக் காலிசெய்யுங்கள். அதற்கு மனமில்லையென்றால், குறைந்தது இரும்புப் பெட்டியின் பலகையில் "19ஆம் நூற்றாண்டுக் கட்டுக்கதையின் நகல்" என்று எழுதுங்கள். எழுதிவிட்டு 3 யூரோ வாங்க முடிந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வழிகாட்டிகளுக்குக் கொடுக்கிற உரையிலிருந்து எண்ணெயையும் வலக்கை வாளையும் "இப்படியே 900 ஆண்டு" என்பதையும் எடுத்துவிடுங்கள். சுழல்படியின் அடியில் அது கட்டிய ஆண்டைச் சின்னதாகப் பொறியுங்கள். முடிந்தால் வாரத்தில் ஒரு நாள், கட்டியவர்களில் விருப்பமுள்ள ஒருவரைச் சம்பளம் கொடுத்து மதிலைக் காட்டச் சொல்லுங்கள்.

பாதையில் மூன்று பெஞ்சு. நிழல் விழுகிற பக்கமாக.

பதிலை அச்சுப்படிவத்தில் அனுப்பாமல், முடிவெடுத்தவர் ஒருவர் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். ஸ்பானிய மொழியிலேயே எழுதலாம். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசும்போதெல்லாம் "அந்தக் கோட்டைக்காரங்க பதில் போட்டாங்களா" என்றுதான் அப்பா முதலில் கேட்கிறார். வந்ததும் அவருக்கு நான் படித்துச் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வலென்சியாவிலிருந்து, ஒரு கொத்தனாரின் மகள்